கன்வெர்டிபிள் கார் தயாரிப்பாளர்களுக்கு: கூரைக்கும் டிக்கிக்கும் ஒரு பூட்டு கொடுங்கள்

இந்தியாவில் கன்வெர்டிபிள் கார், அதாவது கூரையை மடக்கித் திறக்கும் கார் விற்கும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவினருக்கும், வாடிக்கையாளர் குறை கேட்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் சொந்தக்காரர் வேண்டாம் என்று வைத்திருக்கும் நேரத்தில் கூரை அசையக் கூடாது, டிக்கி திறக்கக் கூடாது. அதற்கு ஒரு பூட்டு வேண்டும். சாவி போட்டுப் பூட்டுவதானாலும் சரி, ஸ்கிரீனில் நான்கு இலக்க எண் போட்டுப் பூட்டுவதானாலும் சரி. பூட்டிய பிறகு உள்ளே இருக்கும் சுவிட்ச், ரிமோட் சாவி, டிக்கி பட்டன், போனில் இருக்கும் ஆப் எதுவுமே வேலை செய்யக் கூடாது.

இது உங்கள் காதுக்குப் புதிய குறை அல்ல. வண்டியை சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். ஜாப் கார்டில் ‘வாடிக்கையாளர் ஆலோசனை’ என்று ஒரு வரி ஏறும், அதோடு சரி. இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், போன மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது.

என் அக்கா மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. திறந்த காரில்தான் அழைத்து வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதற்கென்றே பழைய கார்களை வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. சொந்தத்தில் யாரிடமாவது கன்வெர்டிபிள் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அப்படித்தான் என் வண்டி போனது. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை, முன்னால் நாதஸ்வரமும் தவிலும், நடுவில் வண்டி, சுற்றிலும் சொந்தபந்தம். மாப்பிள்ளை பின்சீட்டின் சாய்மானத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண். அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் மடங்கிய கூரையை மூடியிருக்கும் அந்தப் பெரிய மூடி.

முன்சீட்டில் தாத்தா மடியில் இருந்த பையன் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த சுவிட்சைப் பிடித்து இழுத்தான். பிடித்தபடியே இருந்தான். குழந்தைகள் அப்படித்தான் செய்வார்கள். உங்கள் கார் ‘பீப்’ அடித்திருக்கும், பம்ப் சத்தமும் கேட்டிருக்கும். தவில் அடிக்கிற இடத்தில் அதெல்லாம் யார் காதில் விழும்? பின்னால் மூடி எழும்பியது. மாப்பிள்ளை சறுக்கி சீட்டில் விழுந்தான். அந்தப் பெண்ணின் கை மூடியின் ஓரத்து இடுக்கில் இருந்தது. கூடவே நடந்து வந்த அவள் அம்மா பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்தாள். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

எல்லோரும் கத்தியதில் பையன் பயந்து கையை எடுத்தான். கூரை பாதியில் நின்றது. அலங்காரத்துக்குக் கட்டியிருந்த மல்லிகைச் சரம் கீலுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. மாப்பிள்ளை மிச்ச தூரத்தை நடந்துதான் மண்டபத்துக்கு வந்தான். கீல் வளைந்துவிட்டது, பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். அது போகட்டும், காசு விஷயம். அந்தப் பெண் இப்போது எந்தக் காரிலும் பின்சீட்டில் உட்கார மாட்டேன் என்று அழுகிறாள்.

சாய்மானத்தின் மேல் உட்காரக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கிறோமே என்பீர்கள். ஒழுங்காகச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் பக்கத்தில் நடந்து வருகிறவர்களின் கை அந்த மூடியின் மேல்தான் இருந்திருக்கும். திறந்த வண்டியைப் பார்த்தால் தொடாமல் இருக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

நீங்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். மினி கன்வெர்டிபிளின் கூரை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை இயங்கும். மெர்சிடிஸ் சிஎல்இ-யின் கூரை 60 வரை. அதற்கு மேல் போனால் காற்று கூரையைப் பிய்த்துவிடும் என்பதால் நிறுத்தி வைக்கிறீர்கள். சரிதான். ஆனால் வண்டியைச் சுற்றி ஆட்கள் நிற்பது அது நிற்கும்போதும் நடைவேகத்தில் ஊரும்போதும்தானே? அந்த நேரத்தில் யார் தொட்டாலும் கூரை கிளம்புகிறது.

கூரையைத் தடுக்கத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். மடங்கும் கூரைக்கு இடம் ஒதுக்க டிக்கிக்குள் இருக்கும் தடுப்பை அதன் இடத்தில் இழுத்து மாட்டாவிட்டால் பல கார்களில் கூரை நகராது. டிக்கி திறந்திருந்தாலும் நகராது. பெட்டி நசுங்கக் கூடாது, கூரைத் துணி கிழியக் கூடாது என்பதற்கு சென்சார் வைத்திருக்கிறீர்கள். அதே கம்ப்யூட்டருக்கு ‘சொந்தக்காரர் வேண்டாம் என்கிறார்’ என்று ஒரு தகவல் கொடுப்பதில் என்ன கஷ்டம்? பின்கதவுக் கண்ணாடிகளைக் குழந்தைகள் இறக்காமல் இருக்க டிரைவர் பக்கத்தில் ஒரு பட்டன் எத்தனையோ வருடங்களாக இருக்கிறது. சாதாரண கார்களில்கூட இருக்கிறது. ஒரு கண்ணாடிக்குக் கொடுத்த பூட்டை முழுக் கூரைக்கு ஏன் கொடுக்கவில்லை?

டிக்கி விஷயம் இன்னும் மோசம். மூடிய காரில் டிக்கி பட்டன் உள்ளே இருந்தால், கதவைப் பூட்டியதும் அதுவும் பத்திரமாகிவிடும். திறந்த காரில் கதவு பூட்டியிருந்து என்ன பிரயோஜனம்? வெளியே நிற்பவர் கையை நீட்டினால் பட்டன். துணிக் கூரை மூடியிருந்தாலும் ஒரு பிளேடு போதும். சீர்த்தட்டும் நகைப்பெட்டியும் வைத்திருக்கும் டிக்கியை அந்த ஒரு பட்டனை நம்பித்தான் விட வேண்டியிருக்கிறது. பழைய கார்கள் பலவற்றோடு ஓட்டல் பார்க்கிங் ஆளிடம் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு சாவி கொடுத்தார்கள். அந்தச் சாவியால் கதவு திறக்கும், வண்டி ஓடும், டிக்கி திறக்காது. எவ்வளவு எளிய ஏற்பாடு! இன்றும் சில கம்பெனிகள் விலையுயர்ந்த மாடல்களில் அது போன்ற வசதியை வைத்திருக்கின்றன. வாங்குகிற எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய வசதி அது.

சர்வீஸ் சென்டரில் எனக்குக் கிடைத்த யோசனை, “கல்யாணம்னா ஃப்யூஸைப் பிடுங்கிடுங்க சார்” என்பது. எந்த ஃப்யூஸ் என்று கேட்டதற்கு, அதோடு வேறு சிலதும் நின்றுபோகும், வாரண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். வெளியே ஒருவர் லேப்டாப்பை மாட்டி ரிமோட்டில் கூரை திறக்கும் வசதியை நிறுத்தித் தருகிறாராம். அதாவது, அது நிறுத்தக் கூடியதுதான். உங்கள் ஆட்கள் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான்.

சட்டம் கேட்கவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், கேட்கவில்லை. அமெரிக்காவில் 1998 கோடையில் கார் டிக்கிக்குள் மாட்டிக்கொண்டு சில வாரங்களுக்குள் 11 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் டிக்கியை உள்ளிருந்து திறக்க இருட்டில் ஒளிரும் கைப்பிடி வேண்டும் என்று விதி வந்தது, 2001 செப்டம்பரிலிருந்து அது கட்டாயமானது. குழந்தைகளின் முழங்கால் சுவிட்சில் பட்டுக் கண்ணாடி ஏறி உயிர் போன பிறகுதான், தெரியாமல் பட்டால் இயங்காத மாதிரி சுவிட்ச் இருக்க வேண்டும் என்று 2004-ல் விதி போட்டார்கள். பவர் விண்டோவுக்கும் சன்ரூஃப்புக்கும் பொருந்தும் அதே அமெரிக்க விதி, கன்வெர்டிபிள் கூரை இதில் சேராது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த ஓட்டைக்குள் நின்றுகொண்டு நீங்கள் கார் விற்கிறீர்கள். இங்கேயும் ஒரு குழந்தையின் விரல் போனால்தான் மாற்றுவீர்களா?

கன்வெர்டிபிள் வைத்திருக்கும் சில பேரின் பிரச்சினை என்று இதை ஒதுக்க வேண்டாம். இன்று எந்தக் காரை எடுத்தாலும் சன்ரூஃப் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் பெங்களூருவில் சன்ரூஃப் வழியே எழும்பி நின்ற சிறுவனின் தலை, சாலைக்குக் குறுக்கே இருந்த உயரத் தடுப்பில் மோதிய காட்சியை நாடே பார்த்துப் பதறியது. பெற்றோரைத் திட்டினோம், திட்ட வேண்டியதுதான். ஆனால் ஓடும் காரில் அந்தச் சன்ரூஃப்பைத் திறக்க முடியாதபடி டிரைவர் பூட்டி வைக்க எந்த ஏற்பாடு கொடுத்திருந்தீர்கள் என்று உங்களை யாரும் கேட்கவில்லை. டாஷ்போர்டு விளக்குக்கு 64 நிறம் தருகிறீர்கள். காலை ஆட்டினால் டிக்கி திறக்கிறது. திறப்பதற்குப் புதிது புதிதாக வழி கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். திறக்காமல் வைக்க ஒரு வழி கேட்டால் ‘ஆலோசனை’ என்று எழுதிக்கொள்கிறீர்கள். இதுதான் எனக்குக் கோபம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கு வருகிறேன். கூரைக்கும் டிக்கிக்கும் சொந்தக்காரர் மட்டும் போடவும் எடுக்கவும் கூடிய ஒரு பூட்டைக் கொடுங்கள். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தாலும் அந்தப் பூட்டு போட்டது போட்டபடி இருக்கட்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் திறக்கும் அவசரக் கைப்பிடியை மட்டும் அது தடுக்க வேண்டாம். இனி வரும் கார்களுக்கு மட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே சாலையில் ஓடும் கார்களில் சாஃப்ட்வேர் மாற்றத்தால் முடிகிறதை அடுத்த சர்வீஸிலேயே இலவசமாகச் செய்து கொடுங்கள். எந்தெந்த மாடலில் முடியும், எதில் முடியாது என்பதையும் உங்கள் ஷோரூம்களில் எழுதி ஒட்டுங்கள். வாங்கப் போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு இப்போதே என்னிடம் வண்டி கேட்கிறார்கள். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கன்வெர்டிபிள் உரிமையாளர்,
திருச்சி