மேகியின் அண்ணனுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐசக் எவான்ஸ் அவர்களுக்கு,

1880 மே 17 அன்று உங்கள் தங்கைக்கு நீங்கள் எழுதிய கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன். அப்போது அவருக்கு அறுபது வயது. உங்கள் வீட்டு மேரி ஆன், ஜார்ஜ் எலியட் என்ற புனைபெயரில் உலகமே அறிந்த எழுத்தாளர். லண்டன் தேவாலயம் ஒன்றில் ஜான் கிராஸை முறைப்படி மணந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. நம்மிடையே இருந்துவந்த நீண்ட மௌனத்தைக் கலைக்க இந்தச் சந்தர்ப்பம் வாய்த்ததில் மகிழ்ச்சி என்று எழுதி, வாழ்த்துச் சொன்னீர்கள். அந்த மௌனம் 23 ஆண்டுகள் நீடித்தது. தொடங்கி வைத்தவர் நீங்கள். உங்கள் வாக்கியத்திலோ அது யாரும் செய்யாமல் தானாக நேர்ந்ததுபோல இருக்கிறது.

நானும் ஓர் அண்ணனுக்குத் தங்கை. அதனால் இந்த விஷயத்தில் நடுநிலை வகிக்க என்னால் இயலாது. ஆனால் உங்கள் தங்கை உங்களிடம் காட்டிய நேர்மையில் ஒரு பங்கையாவது நானும் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

1857 மே மாதம் அவர் உங்களுக்கு எழுதினார். தனக்குக் கணவர் இருக்கிறார் என்றும், அப்பா விட்டுச்சென்ற பணத்தின் வருமானத்தை இனி ஜார்ஜ் ஹென்றி லூயிஸின் வங்கிக் கணக்கில் செலுத்தும்படியும் கேட்டிருந்தார். நீங்கள் பதில் எழுதவில்லை. குடும்ப வழக்கறிஞரை எழுதவைத்தீர்கள். திருமணம் எங்கே, எப்போது நடந்தது என்று அவர் கேட்டார். லூயிஸுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த மனைவி வேறொருவருக்குப் பெற்ற குழந்தையை லூயிஸ் தன் பெயரிலேயே பதிவு செய்திருந்ததால் சட்டப்படி விவாகரத்து கிடைக்க வழியில்லை. உங்கள் தங்கை மழுப்பவில்லை. இது சட்டப்படியான திருமணம் அல்ல என்று எழுதிவிட்டார். அதோடு நீங்கள் கதவை அடைத்தீர்கள். சகோதரிகளையும் எழுதக்கூடாது என்று தடுத்தீர்கள்.

கிறிஸ்ஸி அக்கா உங்கள் பேச்சைக் கேட்டார். 1859-ன் தொடக்கத்தில் காசநோயில் படுத்திருந்தபோது, எழுதாமல் இருந்துவிட்டதற்கு வருந்தி மேரி ஆனுக்குக் கடிதம் போட்டார். மார்ச் மாதம் இறந்துபோனார். லூயிஸ் விவகாரத்தில் உங்கள் காலமும் ஊரும் உங்கள் பக்கம் நின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். சாகக் கிடந்த அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே நின்றதற்கு மட்டும் என்னிடம் மன்னிப்பு இல்லை.

அதே ஆண்டில்தான் உங்கள் தங்கை அந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தார். ‘சிஸ்டர் மேகி’ என்றுதான் முதலில் பெயர் யோசித்திருந்தார். பதிப்பாளர் பிளாக்வுட் சொன்ன ‘தி மில் ஆன் த ஃப்ளாஸ்’ என்ற பெயரில் 1860 ஏப்ரலில் மூன்று பாகங்களாக வந்தது. கதை நடக்கும் இடத்தை வார்விக்‌ஷயரிலிருந்து நகர்த்தி, கடலோதம் ஏறிவரும் ஓர் ஆற்றங்கரையில் வைத்தார். ஆனால் நீங்கள் வளர்ந்த கிரிஃப் வீட்டை அதில் அடையாளம் காணாதிருக்க உங்களால் முடிந்திருக்காது. துணி வெளுப்பது முதல் சாவுக்குத் துக்கம் காப்பதுவரை எல்லாவற்றுக்கும் ‘எங்கள் குடும்ப வழக்கம்’ ஒன்றைக் கையில் வைத்திருக்கும் அந்தப் பெரியம்மாக்கள் உங்கள் அம்மாவின் பியர்சன் வீட்டுச் சகோதரிகளேதான். ஆலைக்குள் மாவுத்தூள் தலையில் படிய நிற்கும் கதாநாயகி, சிறுமி மேகி, அங்குள்ள கொழுத்த சிலந்திகளைப் பார்த்துக் கவலைப்படுவாள்: மாவு பூசிய ஈயையே தின்று பழகிய சிலந்தி, வெளியே சொந்தக்காரச் சிலந்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனால் வெறும் ஈயை எப்படித் தின்னும்? குழந்தையின் மூளை ஓடும் விதத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய பக்கம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

மேகியின் அண்ணன் டாம் நீங்கள்தான். ஜாம் வைத்த பஃப் பங்கிடும் இடத்தைப் பாருங்கள். டாம் கத்தியால் அதை இரண்டாக வெட்டுகிறான். ஒரு பாதியில் ஜாம் வழிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொள், எந்தக் கை என்று சொல் என்கிறான். நல்ல பாதி மேகிக்கு விழுகிறது. நீயே எடுத்துக்கொள் என்று அவள் கெஞ்சியும் மறுக்கிறான், அது நியாயமில்லையாம். சரி என்று அவள் தின்னத் தொடங்குகிறாள், தின்னும் சுகத்தில் உலகையே மறக்கிறாள். தன் பங்கை முன்னதாக முடித்துவிட்ட டாம் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசித் துண்டும் போனபிறகு, நீ பேராசைக்காரி என்கிறான். தர வந்தபோது வாங்காதவன், தரவில்லை என்று குற்றம் சாட்டுகிறான். அவன் கணக்கில் இரண்டுமே நியாயம். உங்கள் வழக்கறிஞரின் கடிதத்தைப் பற்றிப் படித்தபோதெல்லாம் எனக்கு அந்தப் பஃப்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அவர் உங்களைக் கொடியவராக எழுதவில்லையே! டாமை வெறுக்க வாசகர்களுக்கு அவர் இடமே கொடுக்கவில்லை. அப்பா வழக்கில் தோற்று, கடனாளியாகிப் படுத்தபோது, பள்ளிப் படிப்பை விட்டு வந்து உழைத்து, ஒவ்வொரு காசாகச் சேர்த்துக் கடனை அடைப்பவன் அவன். அத்தை வீட்டார் எழுதிக்கொடுத்த 300 பவுண்டு கடன் பத்திரத்தை, அப்பா அந்தப் பணத்தைக் கேட்க விரும்பமாட்டார் என்று சொல்லி ஒழித்துவிடச் சொல்பவனும் அவனே. பிரிந்து இரண்டே ஆண்டுகளில், காயம் ஆறாதபோது, ஒரு தங்கை தன் அண்ணனை இப்படி எழுதியிருக்கிறார். உங்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்யவில்லை.

வளர்ந்த மேகி, தன்னைக் காதலிக்கும் ஸ்டீபனோடு படகில் போய், மணம் செய்யாமல் ஐந்து நாள் கழித்துத் திரும்பி வரும்போது டாம் வாசலில் நிற்கிறான். என் வீட்டில் உனக்கு இடமில்லை என்கிறான். நாவல் முழுக்க வெள்ளைத் துணிகளையும் பீங்கான் பாத்திரங்களையும் நினைத்தே புலம்பிக்கொண்டிருந்த அம்மா அப்போது எழுந்து வருகிறாள்: மகளே, நான் உன்னோடு வருகிறேன், உனக்கு அம்மா இருக்கிறாள். உங்கள் அம்மா 1836-லேயே போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தைத் தனக்குச் சொல்ல நிஜத்தில் ஆள் இல்லாததால்தான் உங்கள் தங்கை அதை எழுதிக்கொண்டார் என்று நம்புகிறேன்.

அப்புறம் வெள்ளம். மேகி தனியாகப் படகு வலித்து ஆலைக்கு வருகிறாள், டாம் மாடி ஜன்னல் வழியாகப் படகில் இறங்குகிறான். தண்ணீருக்கு நடுவே இருவரும் தனியாக இருக்கும்போதுதான் அவள் என்ன செய்திருக்கிறாள் என்பது அவனுக்கு உறைக்கிறது. சின்ன வயதில் அழைத்த பெயரால் ‘மேக்ஸி’ என்கிறான். சற்று நேரத்தில் ஆற்றில் மிதந்துவந்த பெரும் மரச்சட்டங்கள் மோதி, கட்டிப்பிடித்தபடியே மூழ்குகிறார்கள். கல்லறையில் பைபிள் வசனம்: மரணத்திலும் பிரிந்துபோனதில்லை.

இந்த முடிவு அவசரமானது என்று அன்றுமுதல் இன்றுவரை குறை சொல்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் லயித்துப்போனதில் மூன்றாம் பாகம் போதிய நிறைவு பெறவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் வெள்ளம் கடைசி நேர யோசனை அல்ல. பழைய வெள்ளச் செய்திகளைத் தேடிப் படித்துக் குறிப்பெடுத்தார். 1859-ல் லூயிஸோடு கெய்ன்ஸ்பரோவுக்குப் போய் ட்ரென்ட் ஆற்றைப் பார்த்துவந்தார். ஊர், உறவு, தேவாலயம் எல்லாம் டாம் பக்கம் இருக்கும்வரை கரையில் நின்றபடி அவன் வாய் திறக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் ஒரு சொல் சொல்வதற்கு ஆறே ஊருக்குள் வர வேண்டியிருந்தது. உங்களுக்கோ ஒரு திருமணப் பதிவு போதுமானதாக இருந்தது.

1869-ல், உங்கள் மௌனத்தின் பன்னிரண்டாம் ஆண்டில், அண்ணனும் தங்கையும் பற்றிப் பதினொரு கவிதைகள் எழுதினார். கால்வாய்க் கரையில் தூண்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள், அவர் கனவில் இருக்க, மீன் தானாக மாட்டியிருந்தது, நீங்கள் பாராட்டினீர்கள். கடைசிக் கவிதையில், இன்னொரு குழந்தைப் பருவம் கிடைத்தால் அங்கும் தங்கையாகவே பிறப்பேன் என்கிறார். உங்கள் வாழ்த்துக்கு மிலானிலிருந்து எழுதிய பதிலிலும் கோபம் இல்லை. சிறுவயதில் தொடங்கிய பாசத்தை நமது நீண்ட மௌனம் ஒருபோதும் முறிக்கவில்லை என்றுதான் எழுதினார். அதே 1880-ல், டிசம்பர் 22 அன்று இறந்தார். ஹைகேட் கல்லறைக்கு நீங்கள் வந்திருந்தீர்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாவலின் முதல் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயத்தை ஒருமுறை வாசியுங்கள். மேகியின் அப்பா டலிவர் கடனைத் திருப்பிக் கேட்கத் தன் ஏழைச் சகோதரியின் வீட்டுக்குப் போகிறார். பெண் பிள்ளைகள் அண்ணன் தம்பிகளையே நம்பி இருக்கக்கூடாது என்று கறாராகப் பேசுகிறார். அவர்கள் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பதைப் பையன்கள் நினைவில் வைத்தால் போதும் என்கிறாள் அவள். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அவள் கணவனிடம் பணத்தைக் கேட்டுவிட்டுக் குதிரையேறிப் போகிறவர், கொஞ்ச தூரத்தில் நிற்கிறார். நான் போனபின் என் மேகிக்கு டாமை விட்டால் யார் இருக்கிறார்கள்? நான் என் உடன்பிறந்தாளிடம் இப்படி நடந்தால், அவனும் அப்படித்தானே நடப்பான்? குதிரையைத் திருப்பி வந்து, அழுதுகொண்டிருந்தவளிடம், பணம் இல்லாமல் சமாளித்துக்கொள்கிறேன், கவலைப்படாதே என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வாசகி