பொள்ளாச்சிக்கு ஒரு ஜோடிச் சக்கரம்

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்ளே,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் சக்கரத்தில் ஸ்போக் கம்பி வந்து சேரும் இடத்தில் கறுப்பாகத் தெரிகிறதே, அது அழுக்கு என்று நீ நினைக்கிறாய். விரிசல் அது. துடைத்தால் போகாது. அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டு ஆழியாறு தாண்டி மேலே ஏறாதே. ஏறித் தொலைத்தாலும் பரவாயில்லை, சைக்கிளில் மட்டும் இறங்காதே.

"பழைய வீல் ஒரு ஜோடி பார்த்து அனுப்பு, பத்தாயிரம் ரூபாய்க்குள் முடி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாய். போனில் பேசினால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் இரங்கல் விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் கீழே வைக்கிறார். பெரியவன் கட்டாயத் தேசிய சேவைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவன் அறைதான் இப்போது என் பட்டறை. சனிக்கிழமை வந்தவன் கட்டிலில் கிடந்த டயரை நகர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மாதான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

சுங்கை ரோடு சந்தை நினைவிருக்கிறதா? நாம் இருவரும் பாதிப் பாதி போட்டு 35 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு பச்சை சைக்கிள் வாங்கினோமே, அந்த இடம். 2017 ஜூலையில் சந்தையை மூடிவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் போனால் ஜாலான் புசார் எம்ஆர்டி ரயில் நிலையம்தான் இருக்கிறது. தரையில் துணி விரித்து, ஒற்றைச் செருப்பிலிருந்து ஓடாத கைக்கடிகாரம் வரை பரப்பி வைத்திருந்த கிழவர்கள் எங்கே போனார்களோ தெரியவில்லை. அந்த சைக்கிளை இறுக்க வாங்கிய ஸ்பேனரை நீ ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போனதும் நினைவிருக்கும். எனக்கு இருக்கிறது.

இன்றைக்கு அந்தச் சந்தை கைபேசிக்குள் வந்துவிட்டது. பழைய பொருள் விற்கும் கரோசல் ஆப்பில் தேடினால் ஒரு மணி நேரத்தில் நாற்பது ஜோடிச் சக்கரம் பார்த்துவிடலாம். பெரும்பாலும் ரிம் பிரேக் சக்கரங்கள், அதாவது பிரேக் ரப்பர் சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மையே பிடிக்கும் வகை. காரணம் எளிது. சைக்கிள் பந்தயங்களுக்கு விதி போடும் சர்வதேச அமைப்பான யூசிஐ 2018-ல் சாலைப் பந்தயங்களுக்கு சக்கர நடுவில் தனித் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கை முழுதாக அனுமதித்தது. அதன்பின் கம்பெனிகள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தன. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ஷிமானோ 105 கியர் செட்கூட 12 ஸ்பீடுக்கு (பின்னால் 12 பல்சக்கரம்) மாறியபோது டிஸ்க் மட்டும்தான் வந்தது. 2020-ல் பொகாச்சர் டூர் டி பிரான்ஸை ஜெயித்தது ரிம் பிரேக் சைக்கிளில்தான், அதைச் சொன்னால் இங்கே யாரும் கேட்பதில்லை. வசதி உள்ளவர்கள் புது டிஸ்க் சைக்கிள் வாங்கிவிட்டு, பழைய சக்கரங்களை அலமாரிக்கு மேலிருந்து இறக்கி விற்கிறார்கள். உன் சைக்கிளும் என் சைக்கிளும் பழசாக இருப்பதில் நமக்கு வந்த முதல் லாபம் இதுதான்.

நீ ஆசைப்பட்டுப் படம் அனுப்பினாயே, பளபளவென்று ஒரு ஜோடி, அது உன் வண்டிக்கு ஆகாது. டிஸ்க்குக்கானது. பின்பக்க அகலம் 142 மி.மீ., குறுக்கே தடித்த அச்சு போகும். உன் ஃபிரேம் 130 மி.மீ., மெல்லிய கம்பியைக் கையாலேயே இறுக்கும் குயிக் ரிலீஸ். உளி வைத்து அடித்தாலும் உட்காராது.

கார்பன் சக்கரத்தையும் கேட்டிருந்தாய். பெயர் தெரியாத கார்பன் 250 வெள்ளிக்குக்கூடக் கிடைக்கிறது. இங்கே ஓட்டுகிறவனுக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை. இந்தத் தீவின் உச்சியே புக்கிட் தீமா, 163 மீட்டர் சொச்சம். பிரேக் சூடாவதற்குள் இறக்கம் முடிந்துவிடும். உனக்கு வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவு. ரிம் பிரேக்கில் சூடு முழுக்க ரிம்மில்தான் இறங்கும். அலுமினியம் அதைக் காற்றில் விட்டுவிடும். கார்பன் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் பிசின் இளகும், ஓரம் உப்பும். டியூப் எந்த வளைவில் வெடிக்கும் என்பது மட்டும்தான் தெரியாது. ஆகவே அலுமினியம். இதில் பேச்சில்லை.

நான் ஏமாந்த கதையை உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? இரண்டு வருடம் முன்பு. ஈசூனில் ஒரு கார் நிறுத்துமிடம், இரவு ஒன்பதரை. பெயர்பெற்ற கம்பெனிச் சக்கரம், 90 வெள்ளி. விற்ற பையன் அவசரமாக இருந்தான், நானும் அவசரமாக இருந்தேன். சுற்றிப் பார்த்தேன், சுற்றியது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் கேசட்டை, அதாவது பின் பல்சக்கர அடுக்கை, மாட்டப் போனால் அதை இறுக்க மேலே போடும் வளையம் பிடிக்கவே இல்லை. சக்கரத்தில் இருந்தது 10 ஸ்பீடு காலத்து ஃப்ரீஹப், கேசட் உட்காரும் உருளை. என் கேசட் 11. வித்தியாசம் 1.85 மி.மீ.தான். ஆனால் அந்த 1.85-ஐ அரத்தால் ராவிக் கொண்டுவர முடியாது. சரி, இருக்கட்டும், ஃப்ரீஹப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று அதற்கு 55 வெள்ளி. அப்புறம் பெண்டு எடுக்கக் கொடுத்தேன். கடைக்காரர் ஸ்போக் சாவியைப் போட்டுத் திருப்பினார், கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் 'டிக்' என்று கையோடு வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. அலுமினிய நிப்பிள்களைச் சுற்றி வெள்ளையாக மாவு பூத்திருந்தது எனக்குத் தூசாகத் தெரிந்திருந்தது. உப்பு அரித்த பொடி அது. கடல் பக்கம் ஓட்டி, கழுவாமலே தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்த சைக்கிளின் சக்கரம். கூலி, நிப்பிள், கம்பி எல்லாம் சேர்த்து 205 வெள்ளி ஆகிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த முன் ரிம்மில் இப்போது உன் தங்கச்சி தாழ்வாரத்தில் அவரைக்கொடி ஏற்றியிருக்கிறாள். நன்றாகக் காய்க்கிறது.

உன் அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்கப் போகும்போது என்னையும் ஒரு தடவை கூட்டிப்போனாரே, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றேன். பேரத்துக்கு முன்னால் அவர் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்தார். ரிம் பிரேக் சக்கரத்துக்கும் பல் உண்டு. பிரேக் ரப்பர் உரசும் பக்கச் சுவர்தான் அது. ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் அந்தச் சுவர் கொஞ்சம் தேய்கிறது. நம் ஊரில் இறக்கம் தேய்க்கும், இங்கே மழை தேய்க்கிறது. ஈரத்தில் மணலும் ரப்பரும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிறவன் சக்கரம் சமதரையிலேயே கிழடாகிவிடும். பழைய சக்கரம் வாங்கும்போது கம்பெனிப் பெயருக்கு விலை கொடுக்கிறோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நாம் வாங்குவது மிச்சமிருக்கும் அலுமினியத்தை.

உனக்குப் பார்த்த ஜோடி கிளமெண்டியில் ஒரு சீன அங்கிளுடையது. வயது அறுபத்தைந்து இருக்கும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, செஸ் கட்டம் போட்ட கல்மேசையில் சக்கரங்களைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தார். இந்தத் தடவை காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். "டயரைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவரே மாடிக்குப் போய் நெம்புகோல் எடுத்து வந்தார். அப்போதே பாதி வாங்கிவிட்டேன் என்று வை.

சுவரை அளப்பதில் ஒரு தொல்லை உண்டு. டயரைப் பிடிக்கும் கொக்கி மாதிரி விளிம்பு இருப்பதால் கேலிப்பர் உள்ளே சரியாகப் படியாது. அதனால் 2 மி.மீ. கனமுள்ள ஸ்போக் துண்டு ஒன்றைச் சட்டைப் பையிலேயே கொண்டுபோயிருந்தேன். அதை உள்பக்கம் விளிம்புக்குக் கீழே படுக்கவைத்து, சேர்த்து அளந்து, 2-ஐக் கழித்தேன். பின் சக்கரம் 1.3, முன் சக்கரம் 1.2. ஒன்றுக்குக் கீழே போயிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். 100 பிஎஸ்ஐ காற்று உள்ளிருந்து தள்ளும்போது மெல்லிய சுவர் ஒருநாள் பிளந்துகொள்ளும். அளக்கக் கருவி இல்லாவிட்டால் நகத்தைச் சுவரில் மேலிருந்து கீழே ஓட்டிப் பார். குழிவாக இறங்கி ஏறினால் அந்தச் சக்கரம் வேண்டாம்.

அப்புறம் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தேன். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும். பின் சக்கரத்தில் வலதும் இடதும் வேறு வேறாகத்தான் ஒலிக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே. முன்னதில் ஒரே ஒரு கம்பி மட்டும் 'டொக்' என்றது. இறுக்கினால் சரியாகிற விஷயம். கம்பி சேரும் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று கைபேசி விளக்கில் 64 துளையையும் பார்த்தேன். அங்கிள் அதற்குள் எனக்கும் சேர்த்து தே ஓ (பால் போடாத டீ) வாங்கி வந்துவிட்டார்.

ரிம் மாவிக் ஓப்பன் ப்ரோ, நடுவிலுள்ள ஹப் ஷிமானோ 105, சக்கரத்துக்கு 32 கம்பி, எல்லாம் தலை வளைந்த சாதாரணக் கம்பி. பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லை. அதே வாரம் 180 வெள்ளிக்கு ஒரு கம்பன்யோலோ ஜோண்டாவும் வந்தது. பின் சக்கரத்தில் 21 கம்பிகள், மூன்று மூன்றாகக் கொத்துக் கொத்தாக. அழகு என்றால் அழகு. ஆனால் அந்த ரிம்மின் உள்பக்கத்தில் துளையே கிடையாது. கம்பி மாற்ற வேண்டுமென்றால் வால்வு துளை வழியாக நிப்பிளைப் போட்டு, வெளியிலிருந்து காந்தத்தால் இழுத்து இழுத்துக் கொண்டுவர வேண்டும். பொள்ளாச்சியில் எந்தக் கடையில் உனக்காகக் காந்தம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? எனக்கென்றால் அதைத்தான் வாங்கியிருப்பேன், உன்னிடம் மறைப்பானேன்.

விலை 140 சொன்னார், 120-க்குக் கொடுத்தார். நீ இருந்திருந்தால் 100-க்கு முடித்திருப்பாய். கிளம்பும்போது, சக்கரம் கோத்தவர் மிச்சம் கொடுத்த கம்பிகள் என்று ஆறு ஸ்போக்கை ரப்பர் பாண்டு போட்டுக் கையில் கொடுத்தார். முழங்கால் விட்டுவிட்டதாம், இனி நடைதானாம்.

ஹப்பை நேற்றிரவு பிரித்தேன். இந்த ஹப்பில் பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோனை மாற்றலாம், ஆனால் ஹப்புக்குள் இருக்கும் கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் ஹப்பே போச்சு. வாங்கும்போது அச்சை விரல்நுனியில் பிடித்து மெதுவாகச் சுற்றியதில் மணல் அரைபடும் உணர்வு இல்லை, அந்தத் தைரியத்தில்தான் வாங்கினேன். உள்ளே கிரீஸ் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. துடைத்துப் பார்த்தால் கிண்ணம் கண்ணாடி! பின் சக்கரத்துக்குக் கால் இஞ்ச் பால்ஸ் பக்கத்துக்கு ஒன்பது, புதுசாகப் போட்டேன். ஒன்று உருண்டு மகன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, அரை மணி நேரம் தேடினேன். பால்ஸும் கிரீஸும் 14, ரிம் டேப் 6, வளையம் 3. சக்கர விலையோடு ஆக 143 வெள்ளி. உன் பத்தாயிரத்தை ஒட்டியே முடித்துவிட்டேன்.

வளையம் எதற்கு என்றால், இந்த ஹப் 11 ஸ்பீடு, உன் கேசட் 10. நான் மாட்டிக்கொண்டதற்கு நேர் எதிர், இது சுலபம். 1.85 மி.மீ. வளையத்தை முதலில் போட்டு, அதன்மேல் கேசட்டைப் போடு. உன் பழைய சக்கரத்தில் கேசட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு மெல்லிய வளையம் இருந்தால் அதையும் சேர்த்தே போட வேண்டும். பிரேக் ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் பார். மினுமினுவென்று அலுமினியத் துணுக்குகள் பதிந்திருக்கும். அதை அப்படியே விட்டால் நான் அளந்து வாங்கிய சுவரை ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும். ஊசியால் கிண்டி எடு, இல்லையென்றால் ரப்பரையே மாற்றிவிடு. முதல் ஐம்பது கிலோமீட்டர் சமதரையில் ஓட்டிவிட்டு மறுபடி கம்பிகளைச் சுண்டிப் பார்த்த பிறகுதான் வால்பாறை.

அக்கா மகன் அடுத்த வியாழக்கிழமை கோயம்புத்தூர் வருகிறான். டயர் இல்லாமல், அச்சு முனைகளில் அட்டை சுற்றி, ஒரே பெட்டியில் இரண்டையும் அடைத்திருக்கிறேன். குயிக் ரிலீஸ் கம்பிகள் தனியாக உன் பெயர் எழுதிய கவரில் இருக்கும். கேசட் கழற்றும் சாவி உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் உடனே சொல். இல்லையென்றால் என்னுடையதைப் பெட்டியில் போடுகிறேன். அவன் திரும்பி வரும்போது அதையும் அந்த ஸ்பேனரையும் சேர்த்துக் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் மச்சான்