ஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் முறையை மாற்ற விடுங்கள்

மதிப்பிற்குரிய முனைவர் பட்ட ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆய்வு முறையை மாற்ற வேண்டுமானால் புதிதாகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டீர்கள். எனக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சிக்கலில் மாட்டும் நிறுவனங்கள் கேட்கும் மன்னிப்பை மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. நீங்கள் ஒப்புதல் தந்த திட்டத்தில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பொதுப் பதிவுகளைத் திரட்டித் தரும் கிரவுட்டாங்கிள் என்ற கருவி வழியாகத் தரவு எடுப்பதாக இருக்கிறது. அதை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடிவிட்டது. ஆய்வாளர்கள் மாதம் 1 கோடி பதிவுகள் வரை இலவசமாக எடுக்க ட்விட்டர் விட்டிருந்த வழியும் 2023-லேயே அடைபட்டுவிட்டது.

சரி, பொதுப் பதிவுகளை ஆய்வாளர்கள் பார்க்க மெட்டா கன்டென்ட் லைப்ரரி என்று மாற்று ஒன்று இருக்கிறதே என்று விண்ணப்பத்தை நிரப்பினேன். ஆய்வுக் கேள்வி, எந்தப் பக்கங்கள், எந்தக் காலம், யார் யார் தரவைப் பார்ப்பார்கள், எல்லாம் எழுதியாயிற்று. தரவு ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் சார்பில் ஒருவர் கையெழுத்திட வேண்டிய கட்டம் மட்டும் காலி. துறை அலுவலகம் பதிவாளரைப் பார்க்கச் சொல்கிறது, பதிவாளர் அலுவலகம் சட்டப் பிரிவைக் காட்டுகிறது, சட்டப் பிரிவு உங்கள் பரிந்துரையைக் கேட்கிறது, உங்களிடம் வந்தால் துறை வழியாக வா என்கிறீர்கள். இதற்குள் என் உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று, கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால், இதே பதிவில் முறையை மாற்ற விடுங்கள்.

வகுப்பு மாணவர்கள் 300 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து முடித்துவிடலாமே என்றார் உங்களில் ஒருவர். ஒரு நிறுவனத்தால் ஏமாந்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு அதன் ஃபேஸ்புக் பக்கத்தில் சண்டை போட்டவரின் கோபம், வருகைப்பதிவுக்காக உட்கார்ந்திருக்கும் மாணவரிடம் எப்படிக் கிடைக்கும்? இப்படி முடிக்கப்பட்ட ஆய்வேடுகளை நூலகத்தில் நிறையவே புரட்டியிருக்கிறேன். பட்டம் கிடைத்திருக்கிறது, மக்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

மக்கள் தொடர்பு அறிஞர்கள் க்ரூனிக்கும் ஹன்ட்டும் 1984-இல் வகுத்த நான்கு மக்கள் தொடர்பு மாதிரிகளை இளநிலை வகுப்பில் நான் நடத்துகிறேன். இருவழிச் சமச்சீர் மாதிரி வரும்போது, நிறுவனம் கேட்கவும் வேண்டும், கேட்டதற்கேற்ப மாறவும் வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். இதைப் பாடமாக வைத்திருக்கும் துறை, என் கடிதங்களுக்கு ஒரு வரி பதில்கூட எழுதாதது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

உங்கள் வேலைப்பளுவும் எனக்குத் தெரியும். விதியை மீறச் சொல்லவில்லை. தலைப்பும் ஆய்வுக் கேள்வியும் அப்படியே இருக்கும். நிறுவனங்கள் வெளியிட்ட மன்னிப்பு அறிக்கைகளும் புகார் செய்தவர்களுடன் நேர்காணல்களும் என்று தரவு மட்டும் மாறும். என் வழிகாட்டிக்கும் இதில் சம்மதம். கையெழுத்தா, முறை மாற்றமா என்று அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வாய்மொழியாக வேண்டாம், தயவுசெய்து.

இப்படிக்கு,
மக்கள் தொடர்பு, விளம்பரத் துறை ஆய்வு மாணவி