வறண்ட நிலத்துக் குகைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் அம்மா படிப்பார். சந்தா ஒழுங்காக வருகிறது, கூட்டங்களும் வழக்கம்போல அல்சூரில் நடந்தன. ஆகவே, இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட வறண்ட நிலத்துக் குகைகள் என்ற தலைப்புக்கே நேரம் தருகிறேன்.

முதல் நடை லால்பாக் பாறைக்கு. சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய, நைஸ் (gneiss) என்னும் கடினமான பாறை வகை அது. சுண்ணாம்புக் கல் போல மழைநீரில் கரையாது. பெங்களூரைச் சுற்றிப் பாறை இடுக்குகள் உண்டு, சுண்ணாம்புக் குகை கிடையாது என்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த கூட்டத்தில் சுண்ணாம்புக் கல் வகையான கடப்பா கல் துண்டு ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டோம். பொடிப்பொடியாக நுரை வந்தது. துடைத்த பிறகு அந்த இடம் மட்டும் பளபளப்பு போய் வெளுத்திருந்தது. மழைநீரும் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. விரிசல் வழியே இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளில் இதே வேலையைச் செய்கிறது.

அதைக் கண்ணால் பார்க்கத்தான் ஆந்திராவின் பேலம் குகைக்குப் போனோம். 3,229 மீட்டர் நீளம். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1884-லேயே குறித்து வைத்த குகை. மேலே காய்ந்த ராயலசீமை, உள்ளே தண்ணீர் அரித்து வழவழப்பாக்கிய வளைவுகள். “இவ்வளவு தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?” என்று ஓர் உறுப்பினரின் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. இன்றைய மழையை வைத்துக் குகையைக் கணக்குப் போடக் கூடாது. ஈரமான பழைய காலங்களும் அதில் சேரும்.

சில பாலைவனங்களில் அமிலம் கீழிருந்தே வந்திருக்கிறது. அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகைகளில், எண்ணெய்ப் படிவுகளிலிருந்து ஏறிய ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஆக்சிஜன் கலந்த நீரைச் சந்தித்துக் கந்தக அமிலமாகிக் கல்லைத் தின்றது. அப்போது உண்டான ஜிப்சம் இன்றும் அங்கே கட்டி கட்டியாகக் கிடக்கிறது.

இப்போது மனம் வருந்திய விஷயம். நாங்கள் போன இன்னொரு சிறு குகையில், சொட்டும் நீரால் கூரையிலிருந்து வளரும் சுண்ணாம்பு விழுதுகளை யாரோ ஒடித்திருந்தார்கள், சுவரில் பெயர்களைக் கீறியிருந்தார்கள். அதன் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. வறண்ட நிலத்தில் சொட்டும் நீர் குறைவு. ஒடிந்த விழுது நம் பேரன் பேத்தி காலத்திலும் வளராது.

அரிசோனாவின் கார்ட்ச்னர் குகையை 1974-இல் கண்டுபிடித்த கேரி டெனனும் ராண்டி டஃப்ட்ஸும், 1988 வரை அதை ஊரறியச் சொல்லவில்லை. பாலைவனக் காற்று புகுந்து உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சாதபடி தடுப்புக் கதவுகள் அமைத்த பிறகே, 1999-இல் மக்களுக்குத் திறந்தார்கள். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும். எனவே சிறு குகைகளின் இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் பகிர வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இனி சின்னக் குழுவாகத்தான் போவோம், சுவரில் கை வைக்க மாட்டோம்.

இன்னொன்று. சுண்ணாம்பு நிலத்தில் நீர் விரிசல் வழியே விறுவிறுவென இறங்கிவிடும், மண் அதை வடிகட்ட நேரமில்லை. குழியில் கொட்டிய குப்பை கிணற்றுக்கே போய்ச் சேரும். குகை வாய்களின் அருகே குவாரியும் குப்பையும் கூடாது என்று கேட்கும் மனு மேசையில் இருக்கிறது. சரி, காபிக்கு எழுந்திருக்கும்போது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

செயலாளர்,
பெங்களூரு