கப்பல் சாப்பாடு நன்றாக இல்லை என்றால், யாருக்கு, எந்த வேளையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒவ்வொரு பள்ளி விடுமுறை முடிந்ததும் நம் ஆட்களிடையே ஒரு வாக்குவாதம் கிளம்பிவிடுகிறது. சிங்கப்பூரின் மரினா பே நிலையத்தில் உல்லாசக் கப்பல் ஏறி, மூன்று நான்கு இரவு பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினர் "சாப்பாடு பிரமாதம், நடுராத்திரியில்கூடப் பீட்சா கிடைத்தது" என்கிறார்கள். இன்னொரு பகுதியினர் "வாயில் வைக்க முடியவில்லை, கொடுத்த காசு தண்டம்" என்கிறார்கள். ஒரே கப்பல், ஒரே வாரம், சில சமயம் அடுத்தடுத்த அறை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இது சண்டையாகி, கடைசியில் யாராவது ஒருவர் "உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான்" என்று போட்டுவிடுவார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வார்த்தை பெரும்பாலும் யார்மேல் விழுகிறது என்று பார்த்தால் வயதானவர்கள் மேலும் சைவம் சாப்பிடுபவர்கள் மேலும்தான். அது நியாயமில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பார்த்தவரை இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சாப்பிட்டதே வேறு வேறு சாப்பாடு.

முதலில் ஏறும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அறைகள் தயாராவதற்குப் பிற்பகல் ஆகிவிடும், அதனால் கைப்பையும் பிள்ளைகளுமாக எல்லாரும் நேராக மேல்தளத்து பஃபேவுக்குத்தான் போகிறார்கள். ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் போன்ற ஒரு கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கு வைத்தாலே 4,200 பேருக்கு மேல் வரும். விடுமுறைக் காலத்தில் அறைக்கு மூன்று நான்கு பேர், பிள்ளைகளோடு. இத்தனை பேரில் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்துக்குள் ஒரே கூடத்தில் தட்டை ஏந்தினால் எப்படி இருக்கும்? நம் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவரும் சமையலைப் பற்றி ஒரே மாதிரி பேசுவார்களா? பன்னிரண்டு மணிக்கு ஏறியவர் சூடான தட்டைப் பார்க்கிறார், இரண்டரை மணிக்கு வந்தவர் காய்ந்துபோன நானையும் அடியில் ஒட்டியிருக்கும் பருப்பையும் பார்க்கிறார். இரண்டு பேரும் ஊருக்கு வந்து "பஃபே" என்ற ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள். அந்த முதல் வேளைதான் பலருக்குக் கடைசிவரை மனதில் நிற்கிறது.

அப்புறம், பாதுகாப்புக்காகச் செய்வதும் ருசியைக் கெடுக்கத்தான் செய்யும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 100 மதிப்பெண்ணுக்குச் சோதிக்கிறது. 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் தோல்வி, முடிவுகளைப் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே, சூடாக வைக்கும் உணவு 57 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரப்பும் நோரோ கிருமி ஒரு கப்பலுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் யாரும் இந்தக் கட்டுப்பாடுகளைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சூட்டிலேயே முக்கால் மணி நேரம் கிடக்கும் ஒரு சப்பாத்தி தோலாகிவிடும், சோறு காய்ந்து பருக்கை பருக்கையாக நிற்கும், காய்கறி நிறம் மாறிவிடும். வயிற்றுக்குக் கெடுதல் இல்லாத உணவு என்பதும் நாக்குக்குப் பிடித்த உணவு என்பதும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை.

தீ விஷயமும் இருக்கிறது. கப்பலில் நெருப்பு என்றால் ஓடுவதற்கு இடம் கிடையாது. அதனால் இன்றைய உல்லாசக் கப்பல்களின் சமையற்கூடங்கள் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுபவை, கொழுந்துவிட்டு எரியும் அடுப்பை அங்கே பார்ப்பது அரிது. சோலாஸ் எனப்படும் அனைத்துலகக் கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கை, டைட்டானிக் மூழ்கியதற்கு இரண்டு ஆண்டு கழித்து 1914-ல் முதன்முதலாக உருவானது, எண்ணெயில் பொரிக்கும் சாதனத்துக்குக்கூட இப்படி இப்படித் தீயணைப்பு வசதி இருக்க வேண்டும் என்று இன்று அது வரையறுத்திருக்கிறது. ஆகவே காப்பிக்கடையில் தீ மேலேறி நக்கும் இரும்புச் சட்டியில் புரட்டித் தரும் மீ கோரிங் நூடுல்சின் அந்தப் புகை வாசனையைக் கப்பலில் தேடினால் கிடைக்காது. அது சமையல்காரரின் குற்றமில்லை.

சிங்கப்பூர்க்காரர்கள் கப்பல் சாப்பாட்டைக் கொஞ்சம் கடுமையாகவே எடைபோடுகிறார்கள் என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. நமக்கு உணவங்காடியில் ஒருவர் இருபது முப்பது வருடமாக ஒரே பண்டத்தைச் செய்துகொண்டிருப்பார். பிராட்டா (நம் பரோட்டா) என்றால் பிராட்டா மட்டும்தான், அந்தக் கை வேறு எதையும் தொடாது. 2020-ல் யுனெஸ்கோ நம் உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்ததில் அந்தக் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சில வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) சாப்பிட்டுப் பழகிய நாக்கு, ஒரே கூடத்தில் இத்தாலியும் ஜப்பானும் பஞ்சாபும் சேர்ந்து சமைக்கும் இடத்துக்குப் போகிறது. அதே நேரம், வீட்டில் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, தட்டைக் கழுவாமல் எழுந்துபோகலாம் என்பதே பாதி ருசி. என் தங்கை அப்படித்தான் சொன்னாள், "அக்கா, எனக்கு எல்லாமே நன்றாக இருந்தது" என்று. அவள் சொன்னதும் உண்மை.

2020 கடைசியில், கொவிட் காலத்தில், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டு மரினா பேக்கே திரும்பிய பயணங்கள் நடந்தன அல்லவா, நம்மில் பலருக்கு அதுதான் முதல் கப்பல். ஊழியர்களே தட்டில் எடுத்துப் போட்டார்கள், நாமாக அள்ளிக்கொள்வது கிடையாது. கூட்டமும் குறைவு. அந்தப் பயணத்தை வைத்துக்கொண்டு "கப்பல் சாப்பாடு அருமை" என்று இன்றைக்குப் போகிறவர்களுக்குச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நிலைமை வேறு, இன்றைய நிலைமை வேறு என்று சேர்த்துச் சொன்னால் நல்லது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். என் மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று எங்களோடு ஒரு கப்பலில் வந்தார். முன்பதிவு செய்தபோது முகவர் "இந்திய உணவு இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்றார். இருந்தது, பொய்யில்லை. பனீர் இருந்தது, ராஜ்மா இருந்தது, ஜீரகச் சோறு இருந்தது. அடுத்த நாளும் பனீர், அதற்கடுத்த நாளும் பனீர். சாம்பார் இல்லை, ரசம் இல்லை, தயிர் இருந்தது ஆனால் பழம் போட்ட இனிப்புத் தயிர். சூப்பைப் பார்த்து "இதில் என்ன போட்டிருக்கிறது" என்று அவர் கேட்டதற்கு, பரிமாறிய பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கோழி எலும்புச் சாறு என்றான். அந்த வரைக்கும் நேர்மையாகச் சொன்னானே, அவனை நான் மெச்சுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு என் மாமியார் ரொட்டியும் பழமும் தவிர வேறு எதையும் நம்பிச் சாப்பிடவில்லை. இறங்கி வந்ததும் உறவினர் ஒருவர் "எப்படி அத்தை இருந்தது?" என்று கேட்க, "சாப்பாடு சரியில்லப்பா" என்று சொன்னதற்குத்தான் அந்த "எதைக் கொடுத்தாலும் குறை" என்ற பேச்சை அவர் வாங்கினார். எழுபது வயதைத் தாண்டியவர், மற்றவர்கள் கொடுத்த அதே கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ரொட்டி தின்று வந்தவர், அதைச் சொல்லக்கூடக் கூடாதா?

இதில் வருத்தம் என்னவென்றால், கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. பஃபேவை விட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் பிரதான உணவகத்துக்குப் போய், அங்கே தலைமைப் பரிசாரகரிடம் முதல் நாள் மாலையே "நாளைக்கு எங்களுக்கு இன்னது வேண்டும்" என்று சொல்லி வைத்தால் பல கப்பல்களில் தனியாகச் செய்து தருகிறார்கள். சமையற்கூடங்களில் இந்தியாக்காரர்கள், கோவா, கேரளா, மும்பை ஆட்கள் நிறையவே வேலை பார்க்கிறார்கள், கேட்டால் ஒரு எளிய பருப்புக் குழம்பு கிடைக்காமல் போகாது. வெங்காயம், பூண்டு, கிழங்கு தவிர்க்கும் சமண உணவைக்கூட முன்பே பதிந்தால் தரும் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து போகின்றன. ஆனால் இப்படிப்பட்ட தனி உணவெல்லாம் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டிய விஷயம். எங்கள் முகவர் இதில் ஒரு வரி சொல்லவில்லை. ஏறிய பிறகு கேட்டால் சமையற்கூடத்தில் இருக்கும் பொருளை வைத்துத்தான் செய்து தருவார்கள்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமே என்று நினைப்பவர்களுக்கு: சமைத்த உணவைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்ற விடுவதில்லை. சோறாக்கும் குக்கர், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் எல்லாம் தீ ஆபத்து என்று சோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய, உடைக்காத முறுக்குப் பொட்டலம் போன்றவற்றைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, அதையும் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

ஹலால் பார்த்துச் சாப்பிடும் நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு இன்னும் சிக்கல். சிங்கப்பூரில் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் சுவரில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருவது அவர்களுக்குப் பழக்கம். கப்பலில் "பன்றி இறைச்சி சேர்ப்பதில்லை" என்று எழுதியிருப்பதும் சான்றிதழ் பெற்ற சமையற்கூடமும் ஒன்றல்ல என்பது ஏறிய பிறகுதான் பலருக்குப் புரிகிறது. கடைசியில் அவர்களும் மீன், முட்டை, பழம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

காசு விஷயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். "சாப்பாடு உட்பட" என்று விளம்பரம். பஃபே, பிரதான உணவகம், ஒன்றிரண்டு சிற்றுண்டிக் கடை, அவ்வளவுதான் அதில் அடக்கம். ஸ்டேக், ஜப்பானிய உணவகம் போன்றவற்றுக்குத் தனிக் காசு, குளிர்பானத்துக்குத் தனிக் காசு, நல்ல காப்பிக்கும் பல கப்பல்களில் தனிக் காசு. இதற்கு மேல் ஆளுக்கு இவ்வளவு என்று தினசரி சேவைக் கட்டணம் வேறு, பெரும்பாலும் அமெரிக்க டாலரில், நம் கணக்கில் தானாக ஏறிவிடும். தனிக் காசு கொடுத்துச் சாப்பிட்டவர் "என்ன ருசி" என்று புகழும்போது அதையும் சேர்த்துச் சொன்னால்தானே கேட்பவருக்குப் பயன்? நம் முந்தைய தலைமுறை மதராசிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜுலா கப்பலில் இங்கே வந்த காலத்தில், 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது, அறை எடுத்தவர்களுக்கு ஒரு சாப்பாடு, தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு ஒரு சாப்பாடு. இரண்டு பேரும் ஒரே கப்பலில்தான் வந்தார்கள். அவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தால் ஒரே பதிலா வந்திருக்கும்?

முகவர்களையும் கப்பல் நிறுவனங்களையும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. காசு வாங்குவதற்கு முன்னால், போன மாதம் அந்தக் கப்பலில் உண்மையில் பரிமாறிய சைவப் பட்டியலைக் காட்டுங்கள். சூப்பிலும் சாறுகளிலும் என்ன கலக்கிறீர்கள் என்று தட்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஹலால் என்றால் எந்த உணவகத்தில், யார் கொடுத்த சான்றிதழ் என்று சொல்லுங்கள். இங்கிருந்து ஏறுகிறவர்களில் தமிழர்கள் கணிசமாக இருக்கும்போது, இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்து இங்கே கப்பல் ஏறும் தென்னிந்தியக் குடும்பங்களும் இருக்கும்போது, ஒரு அண்டா ரசமும் உப்பு போட்ட தயிர்ச்சோறும் செய்வதற்குத் தீயும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை.

போய்வந்து கருத்து சொல்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நன்றாக இருந்தது, இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கப்பல், எந்த மாதம், பஃபேவா மேசையா, எத்தனை மணிக்குப் போனீர்கள், நீங்கள் சைவமா அசைவமா, தனிக் காசு கொடுத்தீர்களா என்று சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால், அடுத்து போகிற ஒரு பாட்டி தனக்கு இது ஒத்துவருமா என்று தானே தீர்மானித்துக்கொள்வார்.

ஆசிரியர் அவர்களே, டிசம்பர் விடுமுறைக்கு முன்பதிவு சூடுபிடிப்பதற்குள், சைவம், ஹலால் சாப்பிடும் வாசகர்களின் கப்பல் அனுபவங்களைக் கேட்டு ஒரு பக்கம் வெளியிட முடியுமா? முகவர்களின் பதிலையும் கூடவே போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி