மழை இரவில் தூங்காத பேத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பினாங்கு ஜாலான் பி.ரம்லி பக்கம் தரைவீட்டில் இருப்பவன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் பக்கம் வெள்ளம் புதிதல்ல. ஆனால் 2017 நவம்பர் 4 இரவு வந்தது வேறு மாதிரி. ஐஸ்பெட்டி மிதந்து போய்ச் சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டது. எட்டு வயதுப் பேத்தியை மேசைமேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டே விடியும்வரை இருந்தோம்.

இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். கனமழை என்றால் கண்ணை மூடமாட்டாள். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், பாட்டியின் பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரி உச்சியில் வைப்பாள்; அரைமணியில் இறக்கி மறுபடி எண்ணுவாள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும், மழை இன்னும் மூர்க்கமாகும் என்று என்னிடம் சொன்னாள். நான் சொன்ன பதில்: "எங்க காலத்துல முட்டித் தண்ணியில பள்ளிக்கூடம் போனோம். நீ போய்ப் பாடத்தப் படி."

அவள் பெரியம்மா, பிள்ளை பயந்திருக்கிறாள் என்று திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலில் அர்ச்சனையும் செய்தோம். அதைக் குறை சொல்லமாட்டேன், அன்று நிம்மதியாகத்தான் இருந்தாள். பள்ளி ஆலோசக ஆசிரியர் தேர்வு பயம் என்று முடிவுகட்டிப் படிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார். மழைக்கு அதில் நேரம் ஒதுக்கவில்லை!

2021இல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா, பிலிப்பைன்ஸ் உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் கேட்டார்கள். பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவோர் 59 விழுக்காடு. என்னைக் குத்தியது இன்னொரு எண். இதை மற்றவரிடம் பேசிப் பார்த்தவர்களில் 48 விழுக்காட்டினர், யாரோ காதில் வாங்காமல் ஒதுக்கியதாகச் சொன்னார்கள். மலேசியா அதில் இல்லை. இருந்திருந்தால் அந்த 'யாரோ' நான்தான்.

இப்போது மழை வலுத்தால் இருவரும் உட்கார்ந்து வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையப் பக்கத்தில் ஆற்று நீர்மட்டம் பார்க்கிறோம். போன மாதம், "நான் பெரியவளாகும்போது இந்த வீடு இருக்குமா தாத்தா?" என்றாள். தெரியாதும்மா என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மைலோ கலக்கித் தரச் சொன்னாள்.

2017 வெள்ளத்தின்போது நாங்கள் தங்கிய துயர் துடைப்பு மையத்தில் மெத்தைகளை எண்ணினார்கள். பிள்ளைகள் தூங்கினார்களா என்று எங்களை எவரும் கேட்கவில்லை. அடுத்த முறை பிஸ்கட்டும் போர்வையும் கொண்டுவரும் நம் இயக்கங்களும் கோயில் நிர்வாகங்களும், பொறுமையாகத் தமிழில் கேட்கத் தெரிந்த ஒருவரையும் அழைத்து வரவேண்டும். உங்கள் மாணவர் பக்கத்திலும் பிள்ளைகள் இதைப் பற்றி எழுத ஒரு மூலை ஒதுக்குங்கள். முதல் கடிதம் எங்கள் வீட்டிலிருந்து வரும்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
ஜார்ஜ்டவுன், பினாங்கு