தொடையிடுக்கில் ஒரு நாடி இருக்கிறது, அதைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் இதயத்தைப் பற்றி எப்போது எழுதினாலும் மாரடைப்பு, பைபாஸ், சர்க்கரை, கொழுப்பு என்றுதான் வருகிறது. அதில் தப்பில்லை, டர்பனில் நம் வீடுகளில் அவைதான் நிறைந்திருக்கின்றன. ஆனால் பிறவியிலேயே வரும் கோளாறுகளைப் பற்றி, அதிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவில் வருகிற கோளாறுகளைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் தேய்த்துத் தூங்க வைப்பதும் நாம்தான், அதனால் இது நம் கைக்கு வந்து சேர வேண்டிய விஷயம்.

பெருந்தமனி இதயத்திலிருந்து மேலே போய், குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து, முதுகுப் பக்கமாகக் கீழே இறங்குகிறது. தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் அந்த வளைவிலிருந்துதான் பிரிகின்றன. சில குழந்தைகளுக்கு இடது கைக்கான கிளையைத் தாண்டியதும் குழாய் இறுகிப் போயிருக்கும். இதை கோஆர்க்டேஷன் என்பார்கள், பிறக்கும் 10,000 குழந்தைகளில் சுமார் 4 பேருக்கு இருக்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு வளைவு நடுவில் அறுந்தே இருக்கும். கருவில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் டக்டஸ் என்ற ஒரு இணைப்புக் குழாய் உண்டு, அது திறந்திருக்கும்வரை உடம்பின் கீழ்ப்பாதிக்கு அதன் வழியாக ரத்தம் போய்விடும், குழந்தை நன்றாக அழும், பால் குடிக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. பிறந்த சில நாட்களில் டக்டஸ் தானாக மூடிக்கொள்கிறது. இங்கே சுகப்பிரசவம் என்றால் சில மணி நேரத்திலோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், ஆகவே அது மூடும்போது குழந்தை நம் வீட்டில், நம் மடியில் இருக்கிறது.

என் தங்கையின் பேரனுக்கு அப்படித்தான் ஆனது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, பால் குடிக்க ஆரம்பித்தால் இரண்டு வாயோடு நிறுத்தி வியர்த்துக் கொட்டும், மூச்சு வேகமாக வாங்கும், நிறம் சாம்பலாகிவிட்டது, டயப்பர் நனையவே இல்லை. வீட்டில் மாந்தம் என்றார்கள், திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் ரத்தத்தில் கிருமி என்று ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆன்டிபயாட்டிக்கும் போடத்தான் வேண்டும். ஆனால் மணிக்கணக்காக யாரும் அவன் தொடையிடுக்கில் விரல் வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. ராத்திரி டியூட்டிக்கு வந்த ஒரு இளம் டாக்டர் வைத்துப் பார்த்தார், நாடி இல்லை. கையில் நாடி நன்றாக அடித்தது. உடனே டக்டஸைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை ஆரம்பித்து, மூச்சுக்கு மெஷின் வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இந்த மருந்து 1970களில் வந்தது, அதற்கு முன்னால் இப்படி வந்த குழந்தைகளில் எத்தனையோ பேர் அறுவை சிகிச்சை மேசைக்குப் போகாமலே போய்விட்டார்கள். சந்தேகம் வந்தாலே மருந்தை ஆரம்பிக்க வேண்டும், எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இந்த மருந்து மூச்சை நிறுத்தக்கூடும், அதனால் வண்டியில் கூடப் போகிறவர் மூச்சுக் குழாய் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தூரத்து ஊர்களிலிருந்து டர்பனுக்கு வரும் குழந்தைகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

இப்போது விரலிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வலது கையிலும் ஒரு காலிலும் மாட்டி, 95 சதவீதத்துக்குக் குறைந்தாலோ இரண்டுக்கும் வித்தியாசம் 3-ஐத் தாண்டினாலோ மேலே பார்க்க வேண்டும் என்பது முறை. நல்ல விஷயம், எல்லாப் பிரசவ வார்டிலும் இருக்க வேண்டும். ஆனால் கோஆர்க்டேஷன் பல நேரம் இதில் தப்பிவிடும். கீழே போகும் ரத்தம் குறைந்திருக்கும், அதிலுள்ள ஆக்சிஜன் சரியாகவே இருக்கக்கூடும். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொன்னதை நம்பியும் இருக்க முடியாது, கைதேர்ந்தவர்களுக்கே வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையிடம் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் முன்பும், அப்புறம் 6-வது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதும், தொடையிடுக்கு நாடியைப் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிஸ்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. முதல் நாள் நாடி இருந்தால் டக்டஸ் திறந்திருக்கிறது என்பதற்காகவும் இருக்கலாம், அதனால்தான் இரண்டாம் முறையும் சொல்கிறேன். பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் பயப்பட வேண்டாம், புதுக் குழந்தைக்கு அது சகஜம். அதோடு பால் குடிக்காததும் வேக மூச்சும் சேர்ந்தால் உடனே கிளம்புங்கள்.

பெண்ணைப் பழி சொல்லாதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்கிறேன். கிரகணத்தில் வெளியே போனாள், அதைச் சாப்பிட்டாள் இதைச் சாப்பிட்டாள் என்று நம் வீடுகளில் பேசுகிறோம். இந்த வளைவு கர்ப்பத்தின் 4-வது வாரத்திலிருந்து 8-வது வாரத்துக்குள் உருவாகிவிடுகிறது, தான் கர்ப்பம் என்றே பல பெண்களுக்கு அப்போது தெரிந்திருக்காது. சில குழந்தைகளுக்குக் காரணம் குரோமோசோமில் இருக்கும். வளைவு அறுந்த குழந்தைகளில் பலருக்கு 22-வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இருக்காது, அவர்களுக்குக் கால்சியமும் நோய் எதிர்ப்பும் குறையலாம், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கோஆர்க்டேஷன் உள்ள பெண் குழந்தைக்கு டர்னர் என்ற எக்ஸ் குரோமோசோம் குறைபாடு இருக்கிறதா என்று சோதனை செய்வதும் நல்லது.

இன்னொரு வகையும் இருக்கிறது. வளைவு ஒன்றுக்கு இரண்டாக உருவாகி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி வளையமாக இறுக்கிவிடும். அந்தக் குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் கர்ரென்று சத்தம் வரும், அழுதால், பால் குடித்தால் கூடும், திட உணவு ஆரம்பித்ததும் தொண்டையில் நிற்கும். இதற்கு மாதக்கணக்காக ஆஸ்துமா பம்ப் கொடுத்துக் கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பம்புக்குக் கேட்காத ஆஸ்துமா என்றால் சிடி ஸ்கேன் கேளுங்கள். வளையத்தை வெட்டிப் பிரிக்கும் ஆபரேஷனை அமெரிக்காவில் ராபர்ட் கிராஸ் 1945-லேயே செய்துவிட்டார். கோஆர்க்டேஷனை வெட்டி இணைப்பதை அதற்கு முந்தின வருடம் ஸ்வீடனில் கிராஃபூர்ட் செய்தார். அவ்வளவு பழைய சிகிச்சை, இங்கே கேட்டோ மேனரில் உள்ள ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையில் இதயப் பிரிவும் இருக்கிறது. கண்டுபிடித்து அனுப்பாததுதான் குறை.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 20, 25 வயதில் பிரஷர் என்று சொன்னால் ஊறுகாயைக் குறை சொல்லிவிட்டு மாத்திரை எழுதித் தருகிறார்கள். வலது கையிலும் காலிலும் பிரஷர் பார்த்தால் 2 நிமிடம் ஆகாது. சாதாரணமாகக் காலில் கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். கையில் 20 புள்ளி அதிகமாக இருந்தால் கோஆர்க்டேஷன் இருக்கலாம். அந்த வயதில் நெஞ்சைத் திறக்காமலே தொடை வழியாக ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்துப் பலருக்குச் சரிசெய்துவிடுகிறார்கள்.

சின்ன வயதில் ஆபரேஷன் செய்தவர்கள், முன்பு இதயப் பிரிவு வென்ட்வொர்த் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் செய்துகொண்டவர்களும் நம்மிடையே இருப்பார்கள். இடது தோள்பட்டைக்குக் கீழே தழும்பு இருக்கும், என்ன ஆபரேஷன் என்றுகூடச் சிலருக்குத் தெரியாது. அதே இடம் மறுபடி சுருங்கலாம், புடைத்துக் கொள்ளலாம், பிரஷர் திரும்பி வரலாம், பெண்களுக்குக் கர்ப்பத்தின்போது ஆபத்தாகலாம். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதய மருத்துவரிடம் அனுப்புங்கள், எம்ஆர்ஐ அல்லது சிடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், குழந்தை பெற நினைக்கும் பெண் என்றால் அதற்கு முன்பே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.